பதினேழாவது பாகம்

பத்தரை மணி ஆட்டம், மூன்று நாள் மட்டும் என்று
சந்திப்புப் பக்கத்துத் தியேட்டரில் போட்டிருந்தார்கள்.
பணகுடியில் பஸ் ஏறும்போதே சாரல்.
உள்ளே என்னையும் சேர்த்து ஒன்பது பேர்,
அதில் இருவர் ஏசிக்காக வந்தவர்கள்.

இருபத்தாறு பாகத் தொடர்.
வரைந்தவர்கள் ஜப்பானில். பார்த்தவர்கள்
எண்பது மீட்டர் உயரத்தில், காற்றாலையின் தலைக்குள்,
நானும் லூர்து மிக்கேலும்.
அவன் போன், என் சார்ஜர்.
கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தில் பாதி புரியாது.
அந்தப் பாதியை மிக்கேல்
வடக்கன்குளத்துப் பேச்சில் நிரப்புவான்:
"ஏல, இப்பம் அடிக்கப் போறாம் பாரு."
அந்த எந்திரத்துக்கு வாயில் நுழையாத ஒரு பேர்.
பொட்டலில் தனியே, முகமில்லாமல்,
பீடம் மாதிரி நிற்பதால்
மாடன் என்று வைத்தோம்.

படத்தில் மாடனுக்கு ஐநூறு கோடி செலவாம்.
துருகூட அழகாகப் பிடித்திருந்தது.
ஓட்டுகிறவன் பத்தாவது நிமிஷமே
தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான்.
கழற்றாமல் என்ன செய்வான்,
அந்த முகத்துக்குத்தானே சம்பளம்.
தொடரில் கடைசிவரை கண்ணாடிக்குப் பின்னே
மூச்சு மட்டும் வந்து வந்து படியும்.
மாடன் தோளில் கயிறு மாட்டாமல் ஏறுகிறான்;
எங்கள் சேப்டி ஆபீசர் பார்த்தால்
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்.
பிறகு, ஓங்கிய கை இறங்குமுன்
திரை வெளுத்து
இடைவேளை.

பதினேழாவது பாகத்தில் ஒன்றுமே நடக்காது.
மழை. மாடனுக்கு முழங்காலில் எண்ணெய் ஒழுக்கு.
ஓட்டுகிறவனும் மெக்கானிக் பெண்ணும்
அதன் உள்ளங்கைக்குக் கீழே ஒதுங்கி
ஒரு பாகம் வருமென்று காத்திருப்பார்கள்.
அவள் ஆரஞ்சு உரிப்பாள்.
நாற்பது நொடி ஒரே படம், மழை மட்டும் அசையும்.
கையில் காசு தீர்ந்திருக்கும் என்பான் மிக்கேல்.

நாங்கள் அதைப் பார்த்தது ஐப்பசியில்,
நாற்பத்தொன்றாம் நம்பர் மிஷினுக்கு
ஆயில் சீல் வராத இரண்டு நாளில்.
சென்னையில் ஏற்றிவிட்டார்கள்.
லாரிக்காரர் போனில் நான்கு தடவை சொன்னார்,
"நாங்குநேரி தாண்டிட்டேன்."
நான்கு தடவையும் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தோம்.
ஈர ரோடு. இரண்டு ஆடு.
மூன்றாம் முறை பதினேழு ஓடிக்கொண்டிருந்தபோது
கட்ச் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது என்றான்.
அந்த நாற்பது நொடி ஓடியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் பாதியில் நகரம் இடிந்தது.
பின்னணியில் ஒரு ஆரஞ்சுக் கடையும் நொறுங்கியது,
அவ்வளவுதான்.
ஆனால் ஒன்று.
மாடன் கடைசியாக எழுமுன்
நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்து ஒரு முனகல்.
பிரேக் விடும் நேரம் காற்றாலை அப்படித்தான் முனகும்,
உள்ளே உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரியும்.
எந்த ஊரில் எவன் பதிவு செய்தானோ.
என் கை தானாக இடுப்புக் கொக்கியைத் தேடியது.
அகப்பட்டது பாப்கார்ன் டப்பா.

புஜ்ஜில் அதே ராத்திரி அவனும் டிக்கெட் எடுத்திருந்தான்.
ஒரு மணி நாகர்கோவில் வண்டியில்
ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி நிற்க,
தொடை நனைய, போனைத் திறந்தேன்.
பதினேழு வரல.
இங்கயும் வரல, என்றான்.
பிறகு வெகுநேரம் எழுதுவதும் அழிப்பதுமாக
மூன்று புள்ளி துடித்தது.

"சீல் வந்துட்டாலே?"

வெளியே பார்த்தேன்.
இருட்டில் சிவப்பு விளக்குகள் தொடங்கியிருந்தன.

"நாங்குநேரி தாண்டிட்டுலே."